ராணுவ எலக்ட்ரானிக்ஸா, சேலத்திலேயே டிரைவ் சர்வீஸா? டிப்ளமோ முடிப்பவனுக்கு வழி சொல்லுங்கள்

ஓமலூர் டிப்ளமோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) டிப்ளமோ கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். ரிப்பேர்தான் என் தொழில் என்று முடிவு செய்துவிட்டேன், எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்பதில்தான் குழப்பம். மாமா ராணுவத்தில் டெக்னிக்கல் பிரிவுக்கு எழுதச் சொல்கிறார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சேலத்தில் டிரைவ் (மில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி), யுபிஎஸ் சர்வீஸ் செய்கிறார், அவரிடம் ஹெல்ப்பராகச் சேரலாம். கூடப் படிக்கிறவர்கள் "போர்டு போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிற காலம் இது, ரிப்பேரில் என்ன இருக்கிறது" என்கிறார்கள். இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போனால் தொழில் உண்மையாகவே கைக்கு வரும்?

குகை சர்வீஸ் எழுதியது:

தூக்கிப் போடுவது செல்போன் சார்ஜருக்குச் சரி. 30 எச்பி டிரைவை எவரும் தூக்கிப் போடமாட்டார்கள் தம்பி. பழைய மாடல் போனால் அதற்குப் பதில் புது மாடல் வாங்கி, பேனல் வயரிங் மாற்றி, பாராமீட்டர் எல்லாம் திரும்பப் போட வேண்டும். அதுவரை மில் நிற்கும். அதனால் வேலைக்குப் பஞ்சம் இல்லை. ராணுவத்துக்குப் போனால் பெட்டியைக் கழற்றிப் பெட்டியை மாட்டத்தான் கற்றுக்கொள்வீர்கள். நேராகக் கடைக்கு வாருங்கள், ஒரு வருடத்தில் கை பழகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை பெஞ்ச் எழுதியது:

நான் ராணுவத்தின் இஎம்இ-யில் ரேடியோ, ராடார் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன். இப்போது சேலத்தில் டிரைவ், சர்வோ, வெல்டிங் மெஷின் போர்டுகள் பார்க்கிறேன். இரண்டையும் பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராணுவக் கருவிகளைப் பழுதுபார்க்கவே 1943 முதல் தனிப் படைப்பிரிவு இருக்கிறது, அதுதான் இஎம்இ. அங்கே ரிப்பேர் படிப்படியாக நடக்கும். யூனிட்டிலும் முன்னணியிலும் வேகம்தான் முக்கியம். எந்தப் பெட்டி கெட்டதோ அதைக் கழற்றி நல்லதை மாட்டி, வண்டியை அனுப்ப வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் பெட்டியைத் திறந்து கார்டு மாற்றுவார்கள். ஆக்ராவில் இருக்கும் 509 ஆர்மி பேஸ் ஒர்க்‌ஷாப் போன்ற இடங்களில்தான் கார்டில் இருக்கும் ஐசி, டிரான்சிஸ்டர் வரைக்கும் இறங்குவார்கள். ஏர்ஃபோர்ஸிலும் இதே மாதிரி அடுக்கு உண்டு, கடைசி அடுக்கு பேஸ் ரிப்பேர் டிப்போ. சூலூரில்கூட ஒன்று இருக்கிறது. ஆக, குகை அண்ணன் சொன்னது முன்னணிக்குப் பொருந்தும், எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உங்களுக்கு எந்த அடுக்கில் போஸ்டிங் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் கற்பதும் இருக்கும். அதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

அங்கே கிடைக்கும் பெரிய சொத்து மேனுவல். ஒவ்வொரு டெஸ்ட் பாயிண்டிலும் எத்தனை வோல்ட் வர வேண்டும், ஸ்கோப்பில் (சிக்னலைப் படமாகக் காட்டும் கருவி) எந்த வடிவம் தெரிய வேண்டும் என்று படத்தோடு போட்டிருக்கும். சிக்னல் ஒரு சர்க்யூட்டுக்குள் எப்படி நடந்து போகிறது என்பதை அந்தப் படங்களோடு உட்கார்ந்துதான் நான் கற்றேன். அடுத்தது அளவுக் கருவிகளுக்கான மரியாதை. காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதி தாண்டிய மீட்டரைப் பெஞ்சில் வைக்க விடமாட்டார்கள். கையில் ரிஸ்ட் ஸ்டிராப் இல்லாமல் கார்டைத் தொட விடமாட்டார்கள். அந்த ஸ்டிராப்பில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பது எதற்கு என்றுகூட முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள். கையில் சேரும் ஸ்டாடிக் மெதுவாக இறங்க வேண்டும், தவறி மெயின்ஸைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்தான கரண்ட் உடம்பு வழியாகப் போகக் கூடாது, இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

அங்கே கிடைக்காதது ஒன்று உண்டு. சேலத்தில் பெஞ்சுக்கு வரும் போர்டில் பாதிக்கு சர்க்யூட் டயகிராம் கிடையாது. ஐசி நம்பரைத் தேய்த்து அழித்திருப்பார்கள், சிலதில் கறுப்பு எபாக்ஸி ஊற்றியிருப்பார்கள். மேனுவல் பார்த்தே பழகியவனுக்கு முதலில் கையும் ஓடாது, காலும் ஓடாது. நல்ல போர்டு ஒன்றையும் கெட்ட போர்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, மீட்டரின் டயோடு மோடில் ஒவ்வொரு முனையாக ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கடைத்தெருவில்தான் வந்தது.

ஓமலூர் டிப்ளமோ எழுதியது:

நன்றி ஐயா. இப்போது அக்னிவீர் முறையில் தானே எடுக்கிறார்கள், 4 வருடத்தில் இவ்வளவும் கற்றுக்கொள்ள முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை பெஞ்ச் எழுதியது:

2022 முதல் சிப்பாய் நிலை ஆட்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகிறார்கள். 4 வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர்வார்கள். வெளியே வருகிறவருக்குச் சேவா நிதி என்று மொத்தமாக ஒரு தொகை உண்டு, திட்டம் தொடங்கியபோது சுமார் 11.71 லட்சம் என்று அறிவித்தார்கள். பென்ஷன் கிடையாது.

பயிற்சி போக மிச்ச காலத்தில் ஒரு பெஞ்சில் நிலையாக உட்கார்ந்து வேலை கற்க நேரம் குறைவு என்பதே என் கருத்து. என் காலத்தில் ஒரே செட்டோடு வருடக்கணக்கில் இருந்தோம், அதன் குணம் அத்துப்படி ஆனது. ரிப்பேர் கற்றுக்கொள்வதற்காக மட்டும் ராணுவத்துக்குப் போவதாக இருந்தால் இப்போதைய முறையில் நான் பரிந்துரைக்கமாட்டேன். நாட்டுக்காகப் போகிற ஆசை முதலில் இருந்து, இதுவும் கூடக் கிடைக்கட்டும் என்றால் தாராளமாகப் போங்கள். போனால் ஒன்று செய்யுங்கள். எந்தக் கோர்ஸ் முடித்தாலும் சான்றிதழைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு அலைந்து வாங்குவது பெரும்பாடு.

இன்னொரு வழியையும் பாருங்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருட அப்ரண்டிஸ் உண்டு. பெங்களூரு ஜாலஹள்ளியில் இருக்கும் பிஇஎல், 1954ல் தொடங்கியது, ராணுவத்துக்கு ரேடியோவும் ராடாரும் செய்கிற இடம். அது மாதிரி நிறுவனத்தில் அப்ரண்டிஸாக ஒரு வருடம் இருந்தால், ராணுவத் தரம் என்றால் என்னவென்று கண்ணால் பார்த்துவிடலாம்.

ஓசூர் ரீவொர்க் எழுதியது:

சொந்த ஊர் ஆத்தூர், ஓசூரில் ஒரு போர்டு அசெம்பிளி கம்பெனியில் ரீவொர்க் பிரிவில், அதாவது போர்டில் உள்ள பாகங்களைக் கழற்றித் திரும்பப் பொருத்தும் பிரிவில் இருக்கிறேன். கமர்ஷியல் போர்டும் பார்ப்போம், பாதுகாப்புத் துறைக்குப் போகும் போர்டும் பார்ப்போம். ஒரே மேசை, ஒரே மைக்ராஸ்கோப். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு தம்பி.

முதல் வித்தியாசம் ஈயம். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஹெச்எஸ் விதி வந்ததிலிருந்து கமர்ஷியல் போர்டுகள் ஈயமில்லாத சால்டருக்கு மாறிவிட்டன. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ராணுவப் போர்டுகள் பலவற்றில் இன்னும் ஈயம் கலந்த 63/37 சால்டர்தான், 183 டிகிரியில் உருகும். பழமைப் பிடிப்பால் அப்படி வைக்கவில்லை. சுத்தமான டின் பூச்சிலிருந்து நாளாக ஆக மயிரிழை போலக் கம்பிகள் தானாக முளைக்கும், டின் விஸ்கர் என்பார்கள். பக்கத்து லீடைத் தொட்டால் ஷார்ட். ஈயம் கொஞ்சம் கலந்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். இதெல்லாம் தெரியாமல் ராணுவப் போர்டில் கைக்குக் கிடைத்த சால்டரை வைத்து இழுத்தால், அன்று வேலை செய்யும், பிறகு என்ன ஆகும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது மேல் பூச்சு, கான்ஃபார்மல் கோட்டிங். ஈரம், உப்புக்காற்று, பூஞ்சை உள்ளே போகாமல் இருக்கப் போர்டு முழுக்க மெல்லிய படலம் இருக்கும். அக்ரிலிக் என்றால் சால்வெண்டில் கரைந்துவிடும். சிலிகோன் அவ்வளவு சுலபமாக வராது. பேரிலீன் எதிலும் கரையாது, நுண்ணிய தூளைப் பீய்ச்சித் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ரிப்பேர் முடிந்ததும் எடுத்த இடத்தில் திரும்பப் பூசாமல் விட்டால் அது முடிந்த வேலை கிடையாது. நம் நாட்டு ராணுவக் கருவிகளின் சூழல் சோதனைக்கு ஜேஎஸ்எஸ் 55555 என்று ஒரு தரம் இருக்கிறது. வெப்பம், குளிர், மழை, தூசு, அதிர்வு எல்லாம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு ஓரத்தில் பூச்சு விட்டுப்போனாலும் அந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

ஐபிசி என்ற எலக்ட்ரானிக்ஸ் தர வரிசையில் 7711/7721 ரீவொர்க் கோர்ஸும் 610 கோர்ஸும் முடித்தால் கம்பெனிகளில் மதிப்பு உண்டு. சான்றிதழ் 2 வருடத்துக்குத்தான் செல்லும், புதுப்பிக்க வேண்டும். கோர்ஸ் கட்டணம் அதிகம், அதனால் கைக்காசைப் போட்டுப் படிக்காதீர்கள். வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனி மூலமாகப் படியுங்கள்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், இந்த வேலை நமக்கு நன்றாக வரும். எங்கள் பிரிவில் பிஜிஏ (அடியில் நுண்ணிய சால்டர் உருண்டைகள் உள்ள சிப்) வேலைக்குக் கண்ணும் கையும் நிதானமாக இருப்பவர்களைத்தான் உட்கார வைக்கிறார்கள், அதில் பாதிப் பேர் நாங்கள்தான்.

குகை சர்வீஸ் எழுதியது:

தங்கச்சி சொல்வது கம்பெனிக்குச் சரி. நம்மிடம் வருகிறவர் "சாயங்காலம் டிரைவ் ஓடணும்" என்று நிற்பார். அங்கே பூச்சு, காலிபிரேஷன், எழுத்து வேலை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ராணுவத்திலிருந்து வந்த இரண்டு மூன்று பேரை வேலைக்கு வைத்துப் பார்த்தவன் நான். சுத்தமான வேலை, ஆனால் மெதுவு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அவர்கள் செய்துகொடுத்தது திரும்பி வந்தது ரொம்பக் குறைவு.

செவ்வாய்ப்பேட்டை பெஞ்ச் எழுதியது:

அண்ணா, நீங்கள் கடைசியில் சொன்ன வரிதான் என் பேச்சும். சாயங்காலத்துக்குள் ஓட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போவது எது என்று ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன், தம்பிக்கும் பயன்படும்.

தலைவாசல் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லிலிருந்து டிரைவ் வந்தது. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் அண்டர்வோல்டேஜ் டிரிப், அதாவது வோல்டேஜ் குறைவு என்று காட்டி நின்றுவிடும். வேறொரு இடத்தில் டிசி பஸ் (டிரைவுக்குள் ஏசி டிசியாக மாறி நிற்கும் லைன்) கப்பாசிட்டர் எல்லாம் மாற்றியிருந்தார்கள். அந்தக் கோளாறுக்கு எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான், தப்பில்லை. மாற்றியும் அதே டிரிப்.

415 வோல்ட் த்ரீ பேஸ் கொடுத்தால் ரெக்டிஃபை ஆகி டிசி பஸ்ஸில் சுமார் 585 வோல்ட் நிற்க வேண்டும். மீட்டரில் பார்த்தேன், 585 இருக்கிறது. டிரைவின் டிஸ்பிளேயில் மானிட்டர் பாராமீட்டரைத் திறந்தால் 405 பக்கம் காட்டுகிறது. அதாவது பஸ் சரியாக இருக்கிறது, அதை அளந்து பிராசஸருக்குச் சொல்கிற பாதைதான் தப்பாகச் சொல்கிறது. மோட்டார் கிளம்பும்போது பஸ் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும், ஏற்கனவே குறைத்துக் காட்டுகிற அளவு எல்லைக்குக் கீழே போய் டிரிப் ஆகிறது.

அந்தப் பாதையில் ஆறு சின்ன எஸ்எம்டி ரெசிஸ்டர்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் 330 கிலோஓம். அவற்றின் மேல் மாவு படிந்து, ஈரம் ஏறி, காய்ந்து கெட்டித் தட்டிப் போயிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுப் பிரஷ்ஷால் கழுவியபோது ஒன்றின் ஓரத்தில் அரிப்பின் பச்சை தெரிந்தது. எடுத்து அளந்தால் 1.2 மெகாஓம். அது ஒன்றை மாற்றியதும் டிஸ்பிளேயும் மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டின. போர்டைக் காயவைத்து, கழுவிய இடம் முழுக்கப் பூச்சு அடித்துத்தான் கொடுத்தேன். ஓசூர் தங்கச்சி சொன்ன பூச்சு நம் கடைக்கும் வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஜவ்வரிசி மில்லில் மாவும் ஈரமும், இளம்பிள்ளை பக்கம் தறிப் பஞ்சு, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி சுத்தம் செய்யும் பட்டறையில் நைட்ரிக் ஆசிட் புகை. போர்டைப் பார்த்தே எந்தப் பேட்டையிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

எழுத்து வேலை பற்றியும் சொல்ல வேண்டும். ராணுவத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் லாக் புக் இருக்கும், எந்த வண்டி, எந்தத் தேதி, என்ன குறை, யார் பார்த்தார் என்று. ஒரு ரேடியோவின் மாட்யூல் கெட்டது என்று மேலே அனுப்புவார்கள், அங்கே சோதித்து "நன்றாக இருக்கிறது" என்று திரும்பி வரும். இது எங்குமே உண்டு. எங்கள் சீனியர் ஒருவர் லாக் புக்கைப் புரட்டி, இப்படித் திரும்பி வந்தவை எல்லாம் ஒரே வண்டியிலிருந்து போனவை என்று கண்டுபிடித்தார். வண்டியில் இருந்த கனெக்டரில் ஒரு பின் உள்ளே இறங்கியிருந்தது. மேடு பள்ளத்தில் தொடர்பு விடும், பெஞ்சில் வைத்தால் ஒன்றும் தெரியாது. மாட்யூலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது பிடிபட்டிருக்காது.

என் கடையிலும் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. சீரியல் நம்பர், மில், வந்த குறை, அளந்த எண்கள், மாற்றிய பொருள். அதே மாடல் அடுத்த முறை வந்தால் பாதி வேலை அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும். டயகிராம் கிடைக்காத ஊரில் நாமே எழுதியதுதான் நமக்கு மேனுவல். தம்பி எந்தக் கடையில் சேர்ந்தாலும் சம்பளம் கேட்பதற்கு முன்னால், அங்கே அளந்ததை எழுதி வைக்கிறார்களா என்று பாருங்கள். எழுதாத கடையில் ஐந்து வருடம் இருந்தாலும் எந்த போர்டில் எந்தப் பொருள் மாற்ற வேண்டும் என்பதுதான் மனப்பாடம் ஆகும், ஏன் என்பது வராது.

ஜலகண்டாபுரம் தறி எழுதியது:

வாடிக்கையாளர் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதிக் கொடுக்கிறவரிடம்தான் திரும்பப் போகிறோம். ஒரு நாள் கூட ஆனாலும் பரவாயில்லை.

நாகலூர் காபித்தோட்டம் எழுதியது:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ரிப்பேர் பார்க்க எவரும் தயாராக இல்லை. நாங்கள்தான் இன்வெர்ட்டரையும் பல்ப்பர் (காபிப் பழத்தின் தோல் உரிக்கும் மெஷின்) மோட்டார் பேனலையும் வண்டியில் போட்டுக் கீழே கொண்டுவருகிறோம். கோடை மழை தொடங்கும்போது இடி விழுந்தால் இந்தப் பக்கம் எஸ்டேட்டுகளில் நிறைய கருவிகள் ஒரே நாளில் போய்விடும். தம்பி போன்ற ஒருவர் மாதத்தில் சில நாள் மேலே வந்தாலே போதும், வேலை காத்திருக்கிறது.

காட்டெருமை வராமல் இருக்கப் போட்ட சோலார் வேலியின் எனர்ஜைசர் ஒவ்வொரு கோடையிலும் போகிறது. மாற்றி மாற்றிச் சலித்துவிட்டது. ஏதாவது வழி உண்டா?

செவ்வாய்ப்பேட்டை பெஞ்ச் எழுதியது:

உண்டுங்க. எனர்ஜைசர் ஒரு கப்பாசிட்டரில் சார்ஜ் சேர்த்து, எஸ்சிஆர் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் வழியாக டிரான்ஸ்பார்மரில் கொட்டி, சுமார் ஒரு நொடிக்கு ஒரு முறை சில ஆயிரம் வோல்ட் துடிப்பாக வேலியில் அனுப்புகிறது. நீளமான வேலிக் கம்பி இடிக்கு ஆன்டெனா மாதிரி. எங்கோ விழுந்த இடியின் வேகம்கூட கம்பி வழியாகத் திரும்ப உள்ளே வந்து எஸ்சிஆரை அடித்துவிடும். பெட்டியை மட்டும் மாற்றினால் அடுத்த கோடையில் இதே கதைதான்.

பெட்டிக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு லைட்னிங் டைவர்ட்டரும் சோக்கும் போடுங்கள். எனர்ஜைசரின் எர்த் வீட்டு எர்த்தோடு சேரக் கூடாது, குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் மலையில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், ஒரே கம்பியை ஆழமாக இறக்க முடியாது. ஈரம் நிற்கும் பள்ளமான இடமாகப் பார்த்து, இடைவெளி விட்டுப் பல கம்பிகள் இறக்கி ஒன்றாக இணையுங்கள். இடி வரும் என்று தெரிந்தால் வேலி வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவதும் நல்லது.

ஓமலூர் டிப்ளமோ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிஇஎல் அப்ரண்டிஸுக்கு விண்ணப்பிக்கிறேன், கிடைக்காவிட்டால் அப்பா சொன்ன கடையில் சேர்கிறேன். ராணுவத்துக்கு எழுதுவதை மாமாவிடம் இன்னொரு முறை பேசி முடிவு செய்கிறேன். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் இருக்கிறது என்று படித்தேன், அதனால் உள்ளூரிலேயே வேலை வருமா? அப்புறம், ரிசல்ட் வரும்வரை வீட்டில் எதை வைத்துப் பழகலாம்?

ஓசூர் ரீவொர்க் எழுதியது:

அந்த வழித்தடத்தை 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து இடங்கள். உதிரிபாகம் செய்கிற பட்டறைகளுக்கு நேரடிப் பயன் உண்டு. ரிப்பேர் ஆட்களுக்கு அந்தப் பட்டறைகளின் சிஎன்சி மெஷின்களும் அளவுக் கருவிகளும்தான் வேலை தரும். அதை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள், வந்தால் கையில் தொழிலோடு தயாராக இருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பெஞ்ச் எழுதியது:

பழகுவதற்குப் பழைய 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்குங்கள். கரண்ட் கொடுக்காமல், போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதன் சர்க்யூட்டை முழுசாகத் தாளில் வரையுங்கள். மெயின்ஸ் பக்கம் எங்கே முடிகிறது, அவுட்புட் பக்கம் எங்கே தொடங்குகிறது, நடுவில் இருக்கும் ஆப்டோ (ஒளி வழியாகத் தகவல் கடத்தும் பாகம்) எந்தத் தகவலைக் கொண்டுபோகிறது என்று குறியுங்கள். பிறகு சீரிஸ் பல்பு (மெயின்ஸ் லைனில் தொடராக இணைத்த குண்டு பல்பு) வழியாக மட்டும் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி அணைந்தால் சரி, முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட்.

ஆஃப் செய்த பிறகும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்கிற பழக்கத்தை யாரிடம் பார்த்தாலும் கற்றுக்கொள்ளாதீர்கள், ஒரு 60 வாட் குண்டு பல்பை முனைகளில் தொட்டு இறக்குங்கள். மீட்டரில் பார்த்துப் பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மெயின்ஸ் பக்கத்தில் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டவே கூடாது.

வரைந்து முடித்ததும் படம் எடுத்து இந்த இழையிலேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.